பழைய காமிக்ஸ், பாக்கெட் நாவல் அட்டைகள் ஏன் நீலமாகிப் போகின்றன?

சிப்புட்காரன் | மார்ச் 3, இரவு 9.10

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட லயத்து வீட்டைக் காலி செய்தபோது ஒரு பெட்டி கிடைத்தது. முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ், பாக்கெட் நாவல்கள், அடியில் கொஞ்சம் கமாண்டோ என்ற ஆங்கிலப் போர் காமிக்ஸ். அதே வீட்டுச் சுவரில் சில அட்டைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சுவரில் இருந்தவை எல்லாம் நீலம். முகம் நீலம், துப்பாக்கி நீலம், நெருப்புகூட நீலம். பெட்டிக்குள் இருந்தவை பளிச்சென்று இருக்கின்றன. சுவரில் இருந்தவை மலிவு மையில் அச்சானவை, பெட்டியில் இருப்பவை நல்ல மையில் அச்சானவை என்பது என் கணிப்பு. சரியா? கம்ப்யூட்டரில் நிறத்தை ஏற்றிப் புதிது போல அடித்து மாட்டலாமா என்றும் சொல்லுங்கள்.

அச்சுமை | மார்ச் 3, இரவு 10.45

தம்பி, மை இரண்டிலும் ஒன்றுதான். வேலையைச் செய்தது வெளிச்சம்.

நாலு கலர் அச்சில் இருப்பவை சயான் என்ற இளநீலம், மெஜந்தா என்ற ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. கறுப்பு என்பது கரித்தூள், அதை வெளிச்சம் அசைக்காது. சயான் என்பது தாலோசயனின் நீலம். ஜவுளிக்காரர்களும் மைக்காரர்களும் ஒளி தாங்கும் சக்தியை 1 முதல் 8 வரை அளப்பார்கள், அதில் இந்த நீலம் 7, 8-ல் நிற்கும். மெஜந்தாவும் மஞ்சளும் அசோ வகை நிறமிகள். அந்த அளவுகோலில் நடுப்படியிலோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். மை மெல்லிய புள்ளியாக விழுந்த இடத்தில் இன்னும் சீக்கிரம் போகும். முதலில் மஞ்சள் கிளம்பும், பச்சைப் புல் நீலமாகும், மனிதத் தோல் ரோஜா நிறமாகும். பிறகு மெஜந்தாவும் வெளுக்கும். கடைசியில் மிஞ்சுவது நீலமும் கறுப்பும்தான். முடிவெட்டும் கடைச் சுவரில் தொங்கும் பழைய நடிகர் படங்கள் எல்லாம் நீலமாக இருப்பதும் இதனால்தான்.

வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுவர எந்த ரசாயனமும் கிடையாது. அந்த மூலக்கூறே உடைந்துவிட்டது.

லிந்தாங் வாசகி | மார்ச் 4, காலை 6.50

அசல் நிறம் என்ன என்பதை அந்த அட்டையிலேயே கண்டுபிடிக்கலாம். சட்டத்தின் விளிம்பு மூடியிருந்த கால் அங்குலத்தைப் பாருங்கள். அடுத்து, நம் ஊர்க் கடைக்காரர் ரூபாய் விலையை மறைத்து வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் ஒட்டிய சின்னச் சீட்டு. அதன் ஓரம் தானாகத் தூக்கியிருந்தால் அந்த இடுக்கில் எட்டிப் பாருங்கள். சீட்டை மட்டும் உரித்துவிடாதீர்கள். அந்தச் சீட்டும், பின்னட்டையில் இருக்கும் புத்தகக் கடையின் ரப்பர் முத்திரையும் இருந்தால்தான் இந்த இதழ் எந்தக் கடை வழியாகத் தோட்டத்துக்கு வந்தது என்று சொல்ல முடியும். சுத்தமான பிரதி வேண்டும் என்று இவற்றை உரித்து எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறவே ஆறாது.

சிப்புட்காரன் | மார்ச் 4, மதியம் 1.20

அக்கா சொன்னபடி பார்த்தேன். சட்டத்துக்கு அடியில் நல்ல குங்குமச் சிவப்பு.

ஆனால் இன்னொரு சந்தேகம். பெட்டிக்குள் இருந்த, வெளிச்சமே படாத அட்டை ஒன்றில் கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு உதட்டில் இல்லை, கன்னத்தில் இருக்கிறது. தொப்பியைச் சுற்றி மஞ்சள் கோடு. ஓவியர் அவசரத்தில் போட்டாரா?

அச்சுமை | மார்ச் 4, இரவு 11.05

ஓவியரைக் குறை சொல்லாதீர்கள். நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் போவது இது. ரெஜிஸ்டர் விலகல் என்று பெயர்.

ஓவியர் தந்தது ஒரே பலகையில் முழு வண்ண ஓவியம். பெரும்பாலும் போஸ்டர் கலர், அச்சாகும் அளவைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிதாக. அதைப் பெரிய கேமராவில் மூன்று ஃபில்டர் வைத்துத் தனித்தனியாகப் படம் எடுப்பார்கள். சிவப்பு ஃபில்டர் வைத்தால் சயானுக்கான படம் வரும், பச்சை வைத்தால் மெஜந்தா, நீலம் வைத்தால் மஞ்சள். கறுப்புக்கு ஒன்று தனி. ஒவ்வொன்றையும் புள்ளிகளாக உடைத்துப் பிளேட் செய்வார்கள். ஒற்றைக் கலர் மெஷின் என்றால் ஒரே தாள் நான்கு தடவை உள்ளே போய் வர வேண்டும். ஆஃப்செட் அச்சில் மையோடு தண்ணீரும் சேர்ந்து ஓடும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் தாள் ஈரம் குடித்து அரை மில்லிமீட்டர் விரிந்தாலே போதும், உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். சிவகாசியின் வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மட்டுமல்ல, அச்சுக்கும் தோதானது என்று சொல்வது இந்தக் கணக்கில்தான்.

எந்த நிறம் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பாருங்கள். அட்டை முழுக்க ஒரே திசை, ஒரே அளவு என்றால் பிளேட்டையோ தாளையோ கோணலாகப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் சரியாக இருந்து மறு ஓரத்தில் விலகினால் தாள் விரிந்திருக்கிறது.

ஓவியரின் திறமையைப் பார்க்க வேண்டுமானால் வேறு இடத்தில் பாருங்கள். மேல் கால் பங்கு இதழின் பெயருக்குப் போய்விடும், கீழே ஒரு பட்டை கதைப் பெயருக்கு, ஒரு மூலை விலைக்கு. இது எல்லாம் தெரிந்து, மிஞ்சிய இடத்தில் ஒரு பெரிய முகம், ஒரு ஆயுதம், பின்னால் மங்கலாகக் கதையின் ஒரு காட்சி. கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட இதழ் பத்தடி தூரத்திலிருந்து கண்ணைப் பிடிக்க வேண்டும். தலைப்பு எழுத்து விழும் இடத்தில் வெறும் இருட்டையோ வெறும் வானத்தையோ விட்டிருப்பார். இது எளிதில் வரும் வித்தை இல்லை.

தாள்பூச்சி | மார்ச் 5, இரவு 8.30

அண்ணன் சொன்ன அந்தக் கால் பங்கு இடம் அமெரிக்க மலிவு இதழ்களிலிருந்தே தொடரும் ஏற்பாடு. 1926 ஏப்ரலில் வந்த அமேசிங் ஸ்டோரீஸ் முதல் இதழில் ஃபிராங்க் ஆர். பால் வரைந்த அட்டையைப் பாருங்கள். வளையத்தோடு பெரிய கோள், கீழே பனியில் சறுக்கும் மனிதர்கள், அவர்களுக்கு மேலே பெரிய எழுத்தில் இதழின் பெயர். கட்டடக் கலை படித்தவர் என்பதால் அவருடைய இயந்திரங்களும் நகரங்களும் உறுதியாக நிற்கும், மனிதர்கள் கொஞ்சம் விறைப்பாக இருப்பார்கள்.

1930-களில் வியர்ட் டேல்ஸ் அட்டைகளை வரைந்த மார்கரெட் பிரண்டேஜ் பேஸ்டல் சுண்ணத்தில் வேலை செய்தவர். அந்த மூலங்களில் கை பட்டால் நிறம் கையோடு வந்துவிடும். எண்ணெய் வண்ண மூலங்களுக்கும் நல்ல கதி இல்லை. அச்சானதும் பெரும்பாலானவற்றைத் தூக்கி எறிந்தார்கள். அதனால் அச்சான அட்டைதான் இன்றைக்கு நமக்கு மூலம். தமிழுக்கு இது இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

அச்சுமை | மார்ச் 5, இரவு 9.15

அமெரிக்க மலிவு இதழ்களைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். உள்தாள் மரக்கூழ், அட்டை மட்டும் களிமண் பூச்சு போட்ட வழவழப்புத் தாள். உள்தாளில் மரத்திலிருந்து தங்கிவிட்ட லிக்னின் என்ற பொருள் அமிலமாகி மஞ்சளாகும், பிறகு அப்பளம் போல நொறுங்கும். அட்டை நன்றாகவே இருக்கும், ஆனால் அது பிடித்துக்கொண்டிருக்கும் உடம்பு உதிர்ந்துவிடும். நம் சாணித்தாள் காமிக்ஸுக்கும் இதே கதைதான். அட்டை நன்றாக இருக்கிறது என்று நம்பி முழுதாக விரித்தால் முதுகில் கிழியும்.

தாள்பூச்சி | மார்ச் 6, காலை 7.40

யார் வரைந்தது என்று தேடுகிறவர்களுக்கு:

கையெழுத்து பெரும்பாலும் கீழ் மூலையில் இருக்கும். வாடகை நூலகத்தில் நாலைந்து இதழை ஒன்றாகக் கட்டி மூன்று பக்கமும் வெட்டியிருந்தால் முதலில் போவது அதுதான். வெட்டாத பிரதி கிடைத்தால் அளவை மில்லிமீட்டரில் குறித்து வையுங்கள். கையில் இருப்பது வெட்டியதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வார இதழ், மாத நாவல் ஓவியர்கள் பலர் கையெழுத்திட்டார்கள். ம.செ. என்று இருந்தால் மணியம் செல்வன். ஜெயராஜ், மாருதி, அரஸ், ஷ்யாம் ஆகியோரை ஓவிய நடையிலேயே பிரித்துவிடலாம். மாருதியின் பெண்களுக்குக் கன்னம் உருண்டையாக, கண் அகலமாக இருக்கும். ஜெயராஜின் பெண்கள் ஒல்லி, நவநாகரிகம். காமிக்ஸில் கையெழுத்து அபூர்வம். லயன், முத்து அட்டைகளில் நீண்ட காலம் வரைந்த மாலையப்பனின் பெயரை வாசகர்கள் தெரிந்துகொண்டதே பதிப்பாசிரியர் எழுதியதால்தான்.

உள்ளே இருக்கும் ஓவியமும் அட்டையும் ஒருவர் கை என்று எண்ண வேண்டாம். இரும்புக்கை மாயாவியின் உள்ளோவியம் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோவுடையது. 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தொடங்கியது. தமிழ் அட்டைகளில் பல இங்கேயே புதிதாக வரைந்தவை. உள்ளே பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளை நிழல், வெளியே சிவகாசியின் சிவப்பும் மஞ்சளும். எனக்கு அந்தச் சேர்க்கையே பிடிக்கும். தரக்குறைவான நகல் என்று சிலர் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்தடித் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வேண்டியதைத் தெரிந்து வரைந்தவை அவை.

கௌபாய் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லருக்கு இத்தாலியில் 1948-லிருந்து அட்டை வரைந்தவர் கலெப் எனப்படும் அவுரேலியோ கலெப்பினி. 400-வது இதழோடு அவர் முடிக்க, 401-லிருந்து கிளாவுடியோ வில்லா. தமிழ் அட்டையின் குதிரையும் தொப்பியும் எந்த இத்தாலிய அட்டையிலிருந்து வந்தவை என்று தேடுகிறவர்களுக்கு இந்த எல்லை உதவும்.

லிந்தாங் வாசகி | மார்ச் 6, மாலை 5.25

தம்பியிடம் இருக்கும் கமாண்டோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961-ல் டண்டீயில் டி. சி. தாம்சன் தொடங்கியது. தொடக்க அட்டைகள் கென் பார், பிறகு பல ஆண்டுகள் இயன் கென்னடி. விமானம் என்றால் கென்னடிதான். ஓவியம் முன்னட்டையில் தொடங்கி முதுகைத் தாண்டிப் பின்னட்டைக்கும் ஓடும். அதனால் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தால் பாதிப் போர்தான் கிடைக்கும். முதுகில் பிசின் காய்ந்திருந்தால் கட்டாயப்படுத்தி விரிக்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எடுத்து, முதுகை மட்டும் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து படம் பிடித்துக் கணினியில் சேருங்கள்.

கம்பத்துக்கார் | மார்ச் 7, இரவு 9.50

வணக்கம். பழைய அட்டை என்று இணையத்தில் நூறு வெள்ளி, இருநூறு வெள்ளி சொல்லி விற்கிறார்கள். ஸ்கேன் எடுத்து அடித்ததா, அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புறஊதா விளக்கு வாங்கினால் போதும் என்கிறார்கள்.

அச்சுமை | மார்ச் 7, இரவு 11.30

புறஊதா விளக்கு பாதிப் பதில்தான். தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிரும் பொருளைக் காகித ஆலைகள் பரவலாகச் சேர்த்தது 1950-க்குப் பிறகு. எனவே 1930-களின் அமெரிக்க இதழ் என்று சொல்லும் அட்டை நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். 1970, 80-களின் தமிழ் இதழுக்கு அந்தச் சோதனை உதவாது. அசலும் ஒளிரலாம்.

10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போதும். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் விலை எழுத்து. அசலில் கறுப்பு எழுத்து தனி பிளேட்டில் முழுக் கறுப்பாக விழுந்திருக்கும், ஓரம் கத்தி போல இருக்கும். ஸ்கேன் நகலில் அதே எழுத்தின் ஓரத்தில் நாலு நிறப் புள்ளியும் சிதறியிருக்கும். இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலான போலிகள் விழும்.

அடுத்து புள்ளிகள். ஆஃப்செட்டில் புள்ளி ஒழுங்கான வரிசையில் நிற்கும். வழக்கமாக கறுப்பு 45 டிகிரி, மெஜந்தா 75, சயான் 15, மஞ்சள் 0. நான்கும் சேர்ந்து சின்னச் சின்ன ரோஜாப்பூப் போலத் தெரியும். இங்க்ஜெட் நகலில் மை மணல் தூவியது போல ஒழுங்கின்றிக் கிடக்கும். லேசர் நகலில் தூள் மேலே உட்கார்ந்து பளபளக்கும், மடித்த இடத்தில் உதிரும். அசலை ஸ்கேன் செய்து மறுபடியும் ஆஃப்செட்டில் அடித்திருந்தால் பழைய புள்ளியும் புதுப் புள்ளியும் மோதி, பட்டுப்புடவை போல அலை அலையாகத் தெரியும். முகத்திலும் வானத்திலும் அதைத் தேடுங்கள்.

மூன்றாவது, தாளைச் சேர்த்துக் குத்திய கம்பிப் பின். அசலில் பின் குத்திய இடத்தில் துரு தாளுக்குள் இறங்கி இரண்டு பக்கமும் தெரியும். நகலில் துரு படமாக மட்டும் இருக்கும், பின்பக்கம் சுத்தமாக இருக்கும்.

விற்கிறவரிடம் எழுத்தின் ஓரத்தையும் பின் குத்திய இடத்தின் உள்பக்கத்தையும் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள்.

சிப்புட்காரன் | மார்ச் 9, காலை 10.15

இப்போது பெட்டியைப் பற்றி. ஈரவாடை அடிக்கிறது. சில அட்டைகளில் வெள்ளைப் பொடி. முற்றத்தில் வெயிலில் பரப்பி வைக்கலாமா?

லிந்தாங் வாசகி | மார்ச் 9, காலை 10.32

வேண்டாம் தம்பி! இப்போதே உள்ளே எடுங்கள். மேலே அண்ணன் எழுதியதெல்லாம் அந்த வெயிலைப் பற்றித்தான். விவரமாக இரவில் எழுதுகிறேன்.

லிந்தாங் வாசகி | மார்ச் 9, இரவு 10.20

அந்த வெள்ளைப் பொடி பூஞ்சணம். ஈரத்தோடு துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து இறங்கும், கறை நிரந்தரமாகும். முதலில் காய வேண்டும். ஏர்கான் அறையில், விளக்கை அணைத்து, இதழ்களைக் கூடாரம் போல லேசாகத் திறந்து நிற்க வையுங்கள். விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள், இதழைப் பார்த்து வேண்டாம். இரண்டு மூன்று நாளில் பொடி உலர்ந்து மேலெழும். முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான ஓவியத் தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். அந்தத் தூரிகையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

பூஞ்சணம் முளைக்காமல் இருக்க ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்குக் கீழே வேண்டும், 50-லிருந்து 55 நல்லது. நம் பக்கம் மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே 80 காட்டும். இருபது முப்பது வெள்ளிக்கு ஈரமானி கிடைக்கிறது, அதைப் பெட்டிக்குள் வையுங்கள்.

சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஈரம் காற்றில் இல்லை, தாளுக்குள் இருக்கிறது. 10 கிலோ இதழ்கள் 75 விழுக்காட்டுச் சூழலிலிருந்து 50-க்கு வர ஏறக்குறைய 300 கிராம் தண்ணீரை விட வேண்டும். சிலிக்கா அந்த அளவில் தன் எடையில் கால் பங்குதான் உறிஞ்சும். ஆக ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். காலணிப் பெட்டியில் வரும் 5 கிராம் பொட்டலத்தால் ஒன்றும் ஆகாது. முதலில் ஏர்கான் அறையில் இதழ்களை உலர்த்துங்கள், பிறகு ரப்பர் விளிம்பு வைத்த மூடிப் பெட்டியில் அடுக்குங்கள், அதன் பிறகு அரை கிலோ சிலிக்கா காவலுக்கு. ஆரஞ்சு மணி பச்சையானால் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து எடுங்கள்.

உறை: பிவிசி கூடாது. அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் கசிந்து அட்டை மையைத் தூக்கிவிடும். புதுப் பள்ளிக்கூடப் பை வாடை அடிக்கும் பிளாஸ்டிக் என்றால் விலகி நில்லுங்கள். பாலிப்ரோப்பிலீன் உறை சில ஆண்டுகளுக்குத் தாங்கும். அபூர்வமானவற்றுக்குப் பாலியெஸ்டர். பின்னால் வைக்கும் அட்டை அமிலம் இல்லாததாக இருக்கட்டும். சட்டைப் பெட்டியில் வரும் சாம்பல் அட்டை வேண்டாம், அதுவே அமிலம். உறையின் வாயை முழுக்க ஒட்டாதீர்கள்.

அந்துருண்டையும் வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். வசம்பு, வேப்பிலை வைக்க விரும்புகிறவர்கள் அலமாரியில் வையுங்கள், இதழுக்குள் வைத்தால் கறை. ராமபாணப் பூச்சி இருந்தால் இதழை இரண்டு உறைக்குள் காற்று எடுத்து மூடி, –18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்க உறையைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் வியர்த்து நிற்கும்.

கம்பத்துக்கார் | மார்ச் 10, மதியம் 12.40

பிந்திய கால நாவல்களில் லேமினேஷன் போட்ட அட்டைகள் வெளிப்பக்கமாகச் சுருண்டு நிற்கின்றனவே, அதுவும் ஈரம்தானா? மேலே அகராதியை ஏற்றி வைத்தும் படியவில்லை.

அச்சுமை | மார்ச் 10, இரவு 8.55

ஈரம்தான். உள்பக்கத் தாள் ஈரம் குடித்து விரியும், வெளிப்பக்கப் பிளாஸ்டிக் விரியாது, அதனால் பிளாஸ்டிக் பக்கமாகச் சுருளும். ஈரம் இறங்காமல் எத்தனை கிலோ ஏற்றினாலும் எடுத்ததும் எழுந்துவிடும். அக்கா சொன்னபடி 50-க்குக் கொண்டுவந்த பிறகு ஒரு வாரம் சமமான கனம் வையுங்கள்.

தாள்பூச்சி | மார்ச் 12, இரவு 9.05

கிழிந்த அட்டைகளில் ஒட்டிய செல்லோடேப் பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய டேப்பின் பசை ரப்பர் சார்ந்தது. முதலில் எண்ணெயாகித் தாளுக்குள் இறங்கும், பிறகு பழுப்பாகிக் காயும். காய்ந்த நிலையில் மேல்படலம் தானாகவே கழன்று வரும். இன்னும் பிசுபிசுப்பாக இருந்தால் முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தூரத்தில் பிடித்து, படலத்தைத் தாளோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள். செங்குத்தாக மேலே இழுத்தால் அட்டையின் மையும் பூச்சும் டேப்போடு போகும்.

மிஞ்சும் பசைக்கு ஊரெங்கும் காப்பகத்தார் பயன்படுத்துவது கிரேப் ரப்பர். பால்மரத்துப் பாலை உறைய வைத்து உருளையில் ஓட்டிய, கந்தகம் சேர்க்காத அதே சரக்கு. சின்னக் கட்டியாக வெட்டி, பசை மேல் ஒரே திசையில் ஒற்றி உருட்டினால் பசை பசையோடு ஒட்டி வந்துவிடும். தேய்க்கக் கூடாது, மை வந்துவிடும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் பேண்ட் இதற்கு நேர் எதிர். இதழ்க் கட்டைச் சுற்றிப் போட்ட ரப்பர் பேண்ட் உருகி அட்டையில் பட்டை போட்டுவிடும். கட்ட வேண்டுமானால் பருத்தி நாடா.

கிழிசலை ஒட்ட, மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும். உள்பக்கம் மட்டும். பசை தயிர் பதத்தில் இருக்கட்டும், அதிலும் தூரிகையை ஒற்றி எடுத்துப் பாதியைக் குறைத்துவிட்டுப் பூசுங்கள். வழவழப்பு அட்டையில் ஈரம் அதிகமானால் பூச்சு கொப்பளிக்கும்.

லிந்தாங் வாசகி | மார்ச் 12, இரவு 10.10

அந்த வழவழப்புப் பூச்சைப் பற்றி வெள்ளம் வரும் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. களிமண் பூச்சு அட்டைகள் நனைந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்தால் கல்லாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கவே முடியாது, ஒரு அட்டையின் முகம் இன்னொன்றின் முதுகில் போய்விடும். ஈரமாக இருக்கும்போதே, முதல் சில மணி நேரத்திலேயே பிரித்து, நடுவில் கேக் சுடும்போது வைக்கும் சிலிக்கான் தாளை வையுங்கள். எண்ணிக்கை அதிகம், கை போதாது என்றால் அப்படியே பையில் போட்டு உறைபெட்டிக்குள் வையுங்கள். உறைந்தால் நேரம் நின்றுவிடும், பிறகு ஒவ்வொன்றாக எடுக்கலாம். சாணித்தாள் உள்பக்கங்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. அட்டையை முதலில் காப்பாற்றுங்கள்.

சிப்புட்காரன் | மார்ச் 15, இரவு 8.00

எல்லாம் குறித்துக்கொண்டேன். என் முதல் கேள்வி மட்டும் பாக்கி. நிறத்தை ஏற்றலாமா?

தாள்பூச்சி | மார்ச் 15, இரவு 8.25

என் கருத்து, கூடாது. இணையத்தில் சுற்றும் பழைய அட்டைப் படங்களில் பாதிக்கு மேல் ஊதா ஏறிய முகமும் எரியும் ஆரஞ்சும்தான். யாரோ ஒருவர் கணினியில் இழுத்த நிறம் அது. பத்து வருடம் கழித்து அதைத்தான் ஓவியர் போட்ட நிறம் என்று எழுதுவார்கள். தாளின் பழுப்பை வெள்ளையாக்குவது அதைவிட மோசம். அந்தத் தாள் பிறந்தபோதே பால் வெள்ளையாக இருந்ததில்லை.

அச்சுமை | மார்ச் 15, இரவு 10.40

நான் முழுக்க மறுக்க மாட்டேன், வரிசை முக்கியம். முதலில் தொடாத கோப்பு ஒன்று இருக்க வேண்டும்.

ஃபிளாட்பெட் ஸ்கேனர், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்), டிஃப் கோப்பு. தானியங்கி நிறம், கூர்மை, புள்ளி நீக்கம் எல்லாவற்றையும் அணையுங்கள். அட்டைக்குப் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள், இல்லையேல் மறுபக்க அச்சு ஊடுருவித் தெரியும். ஓரத்தில் ஒரு நிறக்கட்டைச் சீட்டும் அளவுகோலும் சேர்த்து எடுங்கள். ஏ5 அளவு என்றால் 24 பிட்டில் ஏறக்குறைய 52 மெகாபைட், 48 பிட்டில் அதன் இரு மடங்கு. இடம் இருந்தால் 48. மெல்லிய சிஐஎஸ் ஸ்கேனர்களில் கண்ணாடியை விட்டு ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கும், முதுகுப் பக்கம் தெளியாது. லென்ஸ் வைத்த சிசிடி வகை அங்கே நன்றாக எடுக்கும்.

இணையத்துக்குச் சிறிதாக்கும்போது அலை அலையாக வருகிறது என்பவர்களுக்கு: 133 கோட்டுத் திரை, அதாவது அங்குலத்துக்கு 133 வரிசை அச்சுப் புள்ளி, 600 டிபிஐயில் ஒரு புள்ளிக்கு நாலரை பிக்சல். சிறிதாக்கும் முன் 2 அல்லது 2.5 பிக்சல் மங்கல் கொடுத்துவிட்டுச் சுருக்குங்கள், அலை போய்விடும். கோப்பைச் சுருக்கிய பிறகு மங்கலாக்கினால் பயன் இல்லை.

நிறத்தை ஏற்றுவது இதற்கு அப்புறம், தனிக் கோப்பில், சட்டத்துக்கு அடியில் தப்பிய அந்தக் குங்குமச் சிவப்பை அளவாக வைத்து. நினைவிலிருந்தோ ரசனையிலிருந்தோ வேண்டாம். மஞ்சளும் மெஜந்தாவும் ஒரே அளவில் வெளுத்திருக்காது, அதனால் மொத்தமாகச் செறிவைக் கூட்டினால் முகம் ஊதாவாகும். தாள்பூச்சி சொன்ன ஊதா அங்கிருந்துதான் வருகிறது. கோப்பின் பெயரிலேயே ‘நிறம் மாற்றியது’ என்று எழுதுங்கள்.

தாள்பூச்சி | மார்ச் 15, இரவு 11.05

கோப்பின் பெயர் பகிரப் பகிர மாறிவிடும் அண்ணே. படத்தின் கீழ் வெள்ளைப் பட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படியானால் எனக்கு மறுப்பு இல்லை.

அச்சுமை | மார்ச் 15, இரவு 11.12

சரி, அது இன்னும் உறுதி. பட்டையில் எழுதுவோம்.

சுவரில் மாட்டுவது அந்த நகலாக இருக்கட்டும். புறஊதா தடுக்கும் கண்ணாடி போட்டாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மஞ்சளை வெளுக்கும், கண்ணாடி அதைத் தாமதிக்கும், தடுக்காது. அசல் பெட்டியில்.

சிப்புட்காரன் | மார்ச் 18, மாலை 6.30

கடைசியாக ஒன்று. கம்பிப் பின் துருப்பிடித்த இதழ்களில் பின்னை எடுத்துவிடவா?

லிந்தாங் வாசகி | மார்ச் 18, இரவு 9.15

துரு லேசாக இருந்து ஈரம் கட்டுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள், அதுவும் அந்த இதழின் பாகம்தான். தாளைத் தின்ன ஆரம்பித்திருந்தால் எடுங்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் காலுக்கு அடியில் மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, மழுங்கிய கத்தி முனையால் கால்களை நிமிர்த்துங்கள். நிமிர்ந்த பிறகு முதுகுப் பக்கமிருந்து நேராக இழுங்கள். கால் வளைந்திருக்கும்போது இழுத்தால் அட்டையில் ஓட்டை கண்ணீர்த் துளி மாதிரி கிழியும். உதிரும் துருவைத் தூரிகையால் தள்ளுங்கள், கறையைத் தொடாதீர்கள். பழைய ஓட்டை வழியாகவே மெழுகு பூசாத லினன் நூலைக் கோத்து, உள்பக்கம் முடிச்சு போடுங்கள். இறுக்கம் அளவாக இருக்கட்டும், சாணித்தாளை நூல் அறுத்துவிடும்.

எடுத்த பின்னைச் சின்ன உறையில் போட்டு இதழோடு வையுங்கள். எந்தத் தேதியில் என்ன செய்தீர்கள் என்று பின்னால் வைக்கும் அட்டையில் 2பி பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், இதழின் மேலும் வேண்டாம்.